குட்டையும் நெட்டையும்

மார்கழி பிறந்தவுடன் பெங்களூர்த் தமிழ் இல்லங்களில் பெட்டிகள் திறக்கப்படும். அடியில் உறங்கிக் கிடந்த கம்பளிகளும் கழுத்துத் துணிகளும் வெயிலில் உலர்த்தப்படும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் இது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இக்குளிர் ஒரு பொருட்டன்று. நம்மை நம்பி ஊரை விட்டு வந்து சேர்ந்த முதியோர்க்கோ அது பெருந்துன்பம். உடற்குளிருக்குக் கம்பளியைக் கடையில் வாங்கிவிடலாம். அவர்களை வாட்டும் மற்றொரு குளிர் உண்டு. அது தனிமை. அதற்குரிய போர்வை கடையில் கிடைப்பதில்லை. இல்லத்திலேதான் பின்னியாக வேண்டும்.

நம் இல்லத்தில் அது எவ்வாறு பின்னப்பட்டது என்பதையும், அப்பின்னலின் முறையையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் இரயில்வேயில் எழுத்தர். பயணச்சீட்டுக் கணக்கும் பணக் கணக்குமாக நாளைக் கழிப்பவர்களுக்கு ஊசியோடும் நூலோடும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மீன் வலை முடைவதும் தறியில் நெய்வதும் ஆண்மக்களுக்கு அடுத்த தொழில்களாகவே நம் நாட்டில் இருந்து வந்துள்ளன. ஒரு கம்பளி நூலைக் கொக்கியில் மாட்டி இழுப்பதனால் ஆண்மை குறைந்துவிடாது.

வண்டி எத்தனை மணிக்கு?

தந்தையார் மறைந்தபின், திருப்பத்தூரை அடுத்த சிற்றூரில் தனித்திருந்த நம் அன்னையாரைச் சென்ற ஆண்டு இங்கே அழைத்து வந்தோம். ஊரில் அவருக்கு வாசல் உண்டு, திண்ணை உண்டு, பேச்சுக்கு அண்டை வீட்டார் உண்டு. இங்கே உள்ளவை இரண்டு அறைகளும் ஒரு சன்னலும். மருமகள் வேலைக்குச் செல்கிறாள். நாமோ சில நாள் பகலிலும் சில நாள் இரவிலும் பணியில் இருப்பவர். பத்து வயதுப் பேத்தி பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயில்கிறாள். தமிழ் அவளுக்குப் புரியும். ஆனால் மறுமொழி ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் அளவிலே நின்றுவிடும். ஆயாவுக்கும் பேத்திக்கும் அன்பில் குறைவில்லை, பேச்சுத்தான் இல்லை.

நாள்தோறும் நாம் பணி முடிந்து வந்ததும் அன்னையார் கேட்கும் கேள்வி ஒன்றே. “ஏம்பா, ஜோலார்பேட்டைக்கு வண்டி எத்தனை மணிக்கு?”

1864-ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கன்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அன்றுமுதல் எண்ணற்ற தமிழ்க் குடும்பங்கள் அவ்வழியே இங்கு ஏறி வந்திருக்கின்றன. ஏறி வந்த வழியே மனம் மட்டும் இறங்கிச் செல்வதும் புதிதன்று. வண்டி நேரம் சொல்வது நம் தொழில். நாள்தோறும் முன்பின் அறியாதவர் எத்தனையோ பேருக்குச் சொல்கிறோம். ஆயினும் பெற்ற தாய்க்குச் சொல்ல நா எழவில்லை. அவர் போகும் வண்டியை மட்டுமே கேட்பார். திரும்பும் வண்டியைக் கேட்டதில்லை.

பெட்டியடியில் ஓர் ஊசி

இந்நிலையில், கைவேலை ஏதேனும் ஒன்று செய்து கொணருமாறு பேத்திக்குப் பள்ளியில் பணித்தார்கள். அன்று மாலை அன்னையார் தம் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு எஃகு ஊசியை எடுத்து வந்தார். நுனியில் கொக்கி உடைய குரோஷா ஊசி அது. குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். நாம் கொக்கி என்பதைக் கன்னடத்தார் கொக்கெ என்பர். பெயரிலே உறவு இருக்கிறது!

அன்னையார் இளமையில் தம் பள்ளித் தையல் ஆசிரியையிடம் இப்பின்னலைக் கற்றவர். வெள்ளை நூலில் மேசை விரிப்பும் தலையணை ஓரமும் பின்னிக் குவித்தவர். ஆனால், இன்று அவர் கண் அழுத்த நோயால் பார்வை மங்கியவர். உள்ள பார்வையைக் காக்கலாமேயன்றி இழந்ததை மீட்க இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அந்த எஃகு ஊசியின் பருமன் இரண்டு மில்லிமீட்டரும் இராது. அதில் பின்னும் மெல்லிய நூலின் கண்ணிகள் அவர் பார்வைக்கு எட்டவில்லை. ஐந்தாறு முறை முயன்றார்; ஊசி காற்றிலே குத்தியது. “இனி இது நமக்கில்லை, பாப்பா” என்று கூறி ஊசியை மீண்டும் பெட்டியில் இட்டுவிட்டார். பேத்திக்கு அன்று உண்டான ஏமாற்றத்தைவிட நமக்குண்டானது பெரிது.

பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் இதனைக் கேள்வியுற்று, ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள கொக்கி ஒன்றையும், பின்னல் முறை அச்சிட்ட ஒரு தாளையும் கொண்டுவந்து கொடுத்தார். “மெல்லிய சரிகைப் பின்னல் வேண்டா. மேடும் பள்ளமுமாக வருகின்ற பின்னல் ஒன்று உண்டு. கண்ணால் பார்ப்பதைக் காட்டிலும் விரலால் நன்றாகப் பார்க்கலாம்” என்றார். ஆங்கிலத்தில் அதற்கு எலுமிச்சைத் தோல் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. எலுமிச்சம் பழத்தின் தோலைத் தடவினால் விரலில் படுகின்ற நெருநெருப்பு அப்பின்னலில் இருப்பதே காரணம். நாம் சிக்குப்பேட்டைக்குச் சென்று, நடுத்தரப் பருமனில் இளம்பச்சைக் கம்பளி நூல் நான்கு உருண்டை வாங்கி வந்தோம்.

பெயரால் வந்த குழப்பம்

தாளில் கண்ட விதி எளிது. ‘சிங்கிள்’ ஒன்று, ‘டபிள்’ ஒன்று என மாறி மாறிப் பின்ன வேண்டும். பேத்தி அதனைப் படித்துச் சொன்னாள், அன்னையார் பின்னினார். ஒரு மணி நேரம் சென்றபின் கையில் இருந்தது பலகை போல் விறைத்த ஒரு துண்டு. மேடுமில்லை, பள்ளமுமில்லை. பேத்தி அறியாமல் சிரித்துவிட்டாள். அன்னையாரின் முகம் சுண்டிவிட்டது. “நான் கற்றது இப்படித்தான். காலம் மாறிப்போயிற்று” என்று எழுந்து சன்னலருகே சென்று அமர்ந்துவிட்டார். அன்று வண்டி நேரத்தை இருமுறை கேட்டார்.

கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் காரணம் காணாமல் உறங்காத பழக்கம் நம்முடையது. மறுநாள் அத்தாளையும் அன்னையார் சொல்லும் முறையையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தோம். குற்றம் இருவர் மீதும் இல்லை, பெயரின் மீதே என்று விளங்கிற்று. இங்கிலாந்தில் ‘டபிள்’ என்று எந்தக் கண்ணியைச் சொல்கிறார்களோ, அதையே அமெரிக்காவில் ‘சிங்கிள்’ என்கிறார்கள். அமெரிக்காவில் ‘டபிள்’ என்பது இங்கிலாந்தில் ‘டிரெபிள்’. அன்னையாரின் ஆசிரியை கற்பித்தது இங்கிலாந்து வழக்கு. அண்டை வீட்டார் தந்த தாளோ அமெரிக்க வழக்கு. தாள் குட்டைக் கண்ணியைச் சொன்ன இடத்தில் அன்னையார் நூலை வெறுமே இழுத்துவிட்டார். தாள் நெட்டைக் கண்ணியைச் சொன்ன இடத்தில் அவர் குட்டைக் கண்ணியைப் பின்னினார். பலகையாகாமல் வேறு என்ன ஆகும்?

நம் நகரத்து இரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் கன்டோன்மென்ட் என்கிறார். மற்றொருவர் தண்டு என்கிறார். இரண்டும் ஒரே நிலையம் என்று அறியாத புதியவர், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய்விடுவார். அதுபோன்ற குழப்பமே இது. அன்னையாரிடம் இதனைச் சொன்னபோது, “அப்படியானால் நான் மறக்கவில்லையா?” என்று கேட்டார். அவ்வொரு கேள்வியில் அவருடைய அச்சம் முழுவதும் நமக்கு விளங்கிற்று. கண் போனதோடு அறிவும் போய்விட்டதோ என்று அவர் உள்ளூர அஞ்சியிருக்கிறார்!

இரு நாட்டுப் பெயர்களும் நமக்கு வேண்டா என்று முடிவு செய்தோம். தமிழில் என்ன பெயரிடலாம் என்று பேத்தியைக் கேட்டோம். அவள் இரண்டு கண்ணிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது குள்ளம், இது ஒசரம்” என்றாள். அன்னையார் நகைத்து, “குட்டை, நெட்டை என்று சொல்லு, கண்ணு” என்றார். அன்றுமுதல் நம் இல்லத்தில் அவற்றுக்கு அதுவே பெயர்.

பின்னும் முறை

இனி, நேயர்கள் தம் இல்லத்தில் செய்து பார்க்கும் வண்ணம் முறையைக் கூறுகிறோம். நூலில் ஒரு தளர்ந்த முடிச்சிட்டுக் கொக்கியில் மாட்டுக. நூலைக் கொக்கியில் சுற்றி அம்முடிச்சின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி உண்டாகும். கழுத்துத் துணிக்கு 25 சங்கிலிக் கண்ணிகள் வேண்டும். கண்ணிகளின் தொகை இரட்டைப்படையாக, அதாவது 24 ஆக இருத்தல் வேண்டும். இருபத்தைந்தாவது திருப்பத்திற்கு உரியது. சங்கிலியை இறுக்கிப் பின்னலாகாது. இறுகினால் அடி சுருங்கி மேல் விரியும்.

குட்டைக் கண்ணி: கொக்கியைக் கண்ணிக்குள் நுழைத்து நூலை வெளியே இழுத்தால் கொக்கியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிட்டால் குட்டை முடிந்தது.

நெட்டைக் கண்ணி: முதலில் நூலைக் கொக்கியில் ஒருமுறை சுற்றிக்கொள்க. பின்னர்க் கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்தால் மூன்று வளையங்கள் நிற்கும். நூலைச் சுற்றி இரண்டின் வழியே இழுக்க. மீண்டும் சுற்றி எஞ்சிய இரண்டின் வழியே இழுக்க. நெட்டை முடிந்தது.

முதல் வரிசையில், கொக்கிக்கு அடுத்த சங்கிலிக் கண்ணியை விட்டு, இரண்டாவதில் ஒரு குட்டை, அதற்கடுத்ததில் ஒரு நெட்டை என இறுதிவரை மாறி மாறிப் பின்னுக. வரிசை நெட்டையில் முடியும். துண்டைத் திருப்பிக்கொண்டு, ஒரு சங்கிலிக் கண்ணி போட்டு, மறுபடியும் குட்டையிலே தொடங்குக. இப்பொழுது நெட்டையின் தலைமேல் குட்டை விழும். குட்டையின் தலைமேல் நெட்டை நிற்கும். எல்லா வரிசைகளுக்கும் விதி இதுவே. நெட்டையின்மேல் குட்டை, குட்டையின்மேல் நெட்டை. இதற்குமேல் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

மேடு எவ்வாறு உண்டாகிறது என்று நாம் வியந்தோம். உற்றுநோக்கியபோது காரணம் விளங்கிற்று. நெட்டையின் இருபுறமும் குட்டைகள் நின்று அதனைக் கீழே இழுக்கின்றன. நிமிர்ந்து நிற்க இடமின்றி நெட்டை வெளியே புடைக்கிறது. அப்புடைப்பே மேடு. துணியின் இரு பக்கமும் ஒரே தோற்றம் உடையதாகையால் உட்புறம், வெளிப்புறம் என்னும் வேறுபாடில்லை. ஓரங்களும் சுருண்டுகொள்வதில்லை.

பிழை காணும் வழியும் எளிது. ஒவ்வொரு வரிசையும் குட்டையில் தொடங்கி நெட்டையில் முடிய வேண்டும். குட்டையில் முடிந்தால், எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிற்று அல்லது ஒன்று மிகுந்தது என்று அறியலாம். அந்திக் கணக்கில் பணம் பொருந்தாதது போலத்தான். கடைசிக் கண்ணியைக் காணாமல் விட்டுவிடுவதே புதியவர் செய்யும் பெரும்பிழை. அவ்வாறு விட்டுக்கொண்டே சென்றால் கழுத்துத் துணி முக்கோணமாகிவிடும். இப்பிழையை நாம் செய்தோம், பேத்தி கண்டுபிடித்தாள்!

பிழை நேர்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. இரு ஊசிகளால் பின்னும் ஸ்வெட்டர்ப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் உயிரோடு நிற்கும். ஊசி நழுவினால் பல கண்ணிகள் கழன்றுவிடும். குரோஷாவில் உயிரோடு நிற்பது ஒரே கண்ணி. கொக்கியை எடுத்துவிட்டு நூலை மெல்ல இழுத்தால், பிழை உள்ள இடம்வரை பிரிந்து வரும். கண்ணியை மீண்டும் மாட்டித் தொடரலாம். நூல் ஒரு சாண்கூட வீணாவதில்லை.

இன்னொன்றையும் கூறிவிடுகிறோம். கடைகளில் கம்பளி என்று விற்கப்படும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக் நூலே. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மேடுகள் அனைத்தும் தட்டையாகிவிடும், பின்னர் எழா. குளிர்ந்த நீரில் அலசி, தொங்கவிடாமல், விரித்து நிழலில் உலர்த்துதல் வேண்டும்.

விரலுக்குக் கண் உண்டு

இம்முறையில் அன்னையார் பின்னத் தொடங்கினார். கண்ணைக் கொண்டு அல்ல, கட்டைவிரலைக் கொண்டு. முந்தைய வரிசையின் தலையை விரலால் தடவுவார். மேடு தட்டுப்பட்டால் நெட்டை; அதன்மேல் குட்டை. பள்ளமானால் குட்டை, அதன்மேல் நெட்டை. பார்வைக்கு எட்டாதது தொடுகைக்கு எட்டியது. பேத்தி பின்னியதை வாங்கித் தடவிப் பார்த்து, “பதினேழாவதில் தப்பு இருக்கிறது பார்” என்பார். எண்ணிப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

எண்ணுதல் என்றவுடன் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஆயாவுக்குத் தமிழில் எண்ணினால்தான் கை ஓடும். ஆகவே பேத்தியும் தமிழில் எண்ண வேண்டியதாயிற்று. பத்துக்குமேல் தடுமாறியவள் இன்று இருபத்துநான்கு வரை தங்குதடையின்றிச் சொல்கிறாள். கோத்தல், பிரித்தல், இறுக்கம், தளர்வு, ஓரம், திருப்பம் என்னும் சொற்கள் அவள் நாவில் தாமே வந்தன. பாடமாகச் சொல்லிக்கொடுத்தபோது வாராத தமிழ், கைவேலையின் ஊடே வந்தது. கை ஒன்றைச் செய்யும்போது வாய் கூச்சத்தை மறந்துவிடுகிறது போலும். பின்னுகையில் ஊர்க்கதைகளும் உடன் வந்தன. தாத்தாவின் குணம் எத்தகையது என்று பேத்தி இப்பொழுது நம்மைக் கேட்பதில்லை. அவளே நமக்குச் சொல்கிறாள்.

இக்கலை எளிதாயினும் இழிவானதன்று. அயர்லாந்தில் 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் நேர்ந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் இக்கொக்கி ஒன்றைக் கொண்டே உணவு தேடின. நம் நாட்டில் ஆந்திரத்து நரசாபுரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷாச் சரிகை பின்னி வருகிறார்கள். அதற்கு 2024-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும், அப்பெண்களின் உழைப்பு ஓய்வுநேர வேலை என்று பெயரிடப்பட்டுக் குறைந்த கூலிக்கே கொள்ளப்பட்டதை மரியா மீஸ் என்னும் ஆய்வாளர் 1982-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். சென்னையில் 2016 சனவரி 31 அன்று, மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்னும் பெண்கள் குழுவினர், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர்ப் பரப்புள்ள போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். ஒரு கொக்கி, ஒரு நூல், ஒரு கண்ணி என்பதிலிருந்தே அத்தனையும் எழுந்தது. இன்றளவும் உண்மையான குரோஷாப் பின்னல் கையால்தான் நடைபெறுகிறது.

போகும் வண்டியும் திரும்பும் வண்டியும்

இருபத்திரண்டு நாளில் கழுத்துத் துணி முடிந்தது. பேத்தி அதனைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று காட்டிவிட்டுத் திரும்பி வந்ததும் ஆயாவின் கழுத்தில் சுற்றிவிட்டாள். அதில் ஆயா பின்னிய வரிசை எது, பேத்தி பின்னியது எது என்று நம்மால் கூற இயலவில்லை. நாம் பின்னிய இரண்டு வரிசைகள் மட்டும், மிகுந்த இறுக்கத்தால், இன்றும் தனியே தெரிகின்றன.

எல்லாக் குறையும் நீங்கிவிட்டது என்று கூறமாட்டோம். அன்னையாரின் பார்வை திரும்பவில்லை, திரும்பவும் போவதில்லை. சில மாலைகளில் சன்னலருகே அமர்ந்து வெறுமே இருப்பதும் உண்டு. ஊர் நினைவு ஊர் நினைவுதான்.

சென்ற வாரம் நாம் பணி முடிந்து வந்தபோது அன்னையார் மறுபடியும் கேட்டார். “ஏம்பா, ஜோலார்பேட்டைக்கு வண்டி எத்தனை மணிக்கு?” நமக்கு உள்ளம் திடுக்கிட்டது. வாளா நின்றோம். அவரே தொடர்ந்தார். “ஊர் வீட்டில் இரும்புப் பெட்டியில் பெரிய ஊசிகள் இரண்டு மூன்று கிடக்கின்றன. பாப்பாவுக்கு வேண்டுமாம். போகிற வண்டியைச் சொல்லு. அன்றைக்கே திரும்புகிற வண்டியையும் சொல்லு.”

அன்று இரண்டு வண்டிகளின் நேரத்தையும் ஒரு தாளில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம்.

நேயர்களே! உங்கள் இல்லத்திலும் ஊரிலிருந்து வந்த ஒரு முதியவர் இருக்கக்கூடும். அவரிடம் ஏதோ ஒரு கைத்தொழில் பெட்டியடியில் உறங்கிக் கிடக்கக்கூடும். அது குரோஷாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; கூடை முடைதலாகவோ, பூத்தொடுத்தலாகவோ இருக்கலாம். அவரைப் பிள்ளைகளின் அருகே அமர்த்தி, கற்பிக்கும்படி கேளுங்கள். கற்பிக்க ஒன்றிருக்கும் இடமே மனிதர்க்கு வீடு. இந்த மார்கழியில் ஒரு கொக்கியும் இரண்டு உருண்டை நூலும் வாங்கித் தொடங்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விதியை மட்டும் மறவாதீர்கள்: நெட்டையின்மேல் குட்டை, குட்டையின்மேல் நெட்டை.